சக்கரச் சத்தத்துக்கு ஒரு ஜெபம்

மெல்பர்ன்,
6 ஜனவரி 2024

அன்புத் தங்கை பிலோமிக்கு,

வேளாங்கண்ணி மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் அனுவுக்குக் கல்யாணம். ஏப்ரல் இருபது, சனிக்கிழமை. பையன் தங்கமானவன். உன் அத்தான் விருந்துக்கு மண்டபம்கூடப் பார்த்துவிட்டார்.

நீ அவளுக்கு ஞானத்தாய். பெசன்ட் நகர் கோயிலில் ஆறு மாதக் குழந்தையாக அவளை ஏந்தி ஞானஸ்நானம் கொடுக்க வைத்தவள். அன்றைய மெழுகுவர்த்தியை ஞானத்தாய் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணத்தன்று தன் கையால் ஏற்றிக் கொடுப்பது நம் வீட்டு வழக்கம். சித்திதான் வர வேண்டும் என்று அனு ஒற்றைக்காலில் நிற்கிறாள். உனக்குத்தான் விமானம் என்றாலே ஆகாதே! தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்டினம் ஏறி மயங்கி விழுந்தவளை நான் எப்படிக் கூப்பிடுவேன்? உன் இடத்தில் என் தோழி ஒருத்தி நிற்கச் சம்மதித்திருக்கிறாள். மெழுகுவர்த்தியை மட்டும் பார்சலில் அனுப்பிவிடு. நீ அங்கிருந்தே ஒரு ஜெபமாலை சொன்னால் போதும்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் அனுப்புகிறேன்.

பாசத்துடன்,
அக்கா ஜெசிந்தா


ஊரூர் குப்பம், சென்னை,
24 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாதா உன்னையும் காக்கட்டும். உனக்கு அது அதிகமாகவே தேவைப்படும்.

தைலம் வேண்டாம். மெழுகுவர்த்தியைப் பார்சலில் அனுப்ப மாட்டேன். நானே கொண்டுவருகிறேன். அனு டிக்கெட் போட்டுவிட்டாள், விசாவுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவள் போன் செய்தால் எடுக்கிறேன், உன்னுடையதைத்தான் எடுப்பதில்லை. நீ அழுதுவிடுவாய். நீ அழுதால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தானே ஜெயித்தாய்!

1999 நினைவிருக்கிறதா? எனக்கும் ஜான்சனுக்கும் இரண்டு ஞாயிறு பூசையில் ஓலை வாசித்தார்கள். இன்னாரும் இன்னாரும் மணக்கப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பங்குச்சாமியார் என் பெயரைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூன்றாவது ஞாயிறு படிக்கவில்லை. "பிளேனுக்குப் பயப்படறவள வச்சு வெளிநாட்ல இன்னா குடும்பம் பண்றதுன்னு அவங்க கேக்கறாங்கடி" என்று நீதான் வந்து சொன்னாய். என்னைக் கட்டிக்கொண்டு அழவும் செய்தாய். அடுத்த மாதம் அதே ஜான்சனோடு உன் பெயரைச் சேர்த்து மூன்று ஓலையும் முழுசாக வாசித்தார்கள்.

இருபத்தைந்து வருஷமாக நான் என் பயத்தையே சபித்துக்கொண்டிருந்தேன். நவம்பரில், ஜான்சனின் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, அயிரை மீன் குழம்பு எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாம்மா, அந்த வலிப்பு இப்பவும் வந்துக்கினுதான் இருக்கா? பாவம், ஒங்கக்கா அப்பவே சொல்லுச்சு" என்றார்கள்.

எனக்கு எப்போது வலிப்பு வந்தது, அக்கா?

பதில் எழுதாதே. அடுத்து அம்மாவின் அடக்கத்துக்கு வந்த ஜான்சனிடம்கூட நான் வாய் திறக்கவில்லை. நீ பக்கத்தில் இல்லாமல் அதில் என்ன ருசி? கல்யாண விருந்தில் ஞானத்தாய் கையில் மைக் கொடுப்பார்கள். அப்போது கேட்கிறேன்.

உன் தங்கை,
பிலோமி


மெல்பர்ன்,
9 பிப்ரவரி 2024

என் செல்லத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. மாமியாருக்குக் கடைசியில் நினைவு தப்பிவிட்டது. தன் மகனையே யார் என்று கேட்டவர்கள். அவர்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு சொந்த அக்காவைச் சந்தேகப்படலாமா?

உன் நல்லதுக்குச் சொல்கிறேன். இரண்டு விமானம், பதிமூன்று மணி நேரம். பாதி வழி கீழே கடல்தான். காற்றில் மாட்டினால் மாவு சலிப்பது போலப் போட்டு உலுக்கும். நடுவில் இறங்க முடியாது, கதவைத் திறக்க முடியாது. போன வருஷம் எங்கள் பங்கில் ஒரு அம்மாவுக்கு மேலேயே நெஞ்சு அடைத்துவிட்டது. இத்துடன் ஒரு விமான விபத்துச் செய்தியை அச்செடுத்து வைத்திருக்கிறேன். உன்னைப் பயமுறுத்த அல்ல, எல்லாம் தெரிந்துகொண்டு நீ முடிவெடுக்க வேண்டும் என்றுதான்.

யோசித்துச் செய், கண்ணே.

அக்கா


ஊரூர் குப்பம்,
18 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய விபத்துச் செய்தி நல்ல கெட்டித் தாள். அடையாறு வாத்தியாரம்மாவுக்கு அதில்தான் நெத்திலிக் கருவாடு மடித்துக் கொடுத்தேன்.

இது தவக்காலம். வெள்ளிக்கிழமைதோறும் பரங்கிமலைப் படியேறுகிறேன். முதல் வாரம் பாதியிலேயே தலை சுற்றி, ஒரு சிலுவைப்பாதை நிலையில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது உச்சிக்குப் போய்விடுகிறேன். அங்கிருந்து பார்த்தால் விமான நிலையம் உள்ளங்கையில் இருக்கிறது. ஏறுகிற விமானம் ஒவ்வொன்றுக்கும், உள்ளே இருக்கிறவர்களுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்கிறேன். ஒன்றுகூட விழவில்லை அக்கா. எண்பத்திரண்டு வரை எண்ணிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கலங்கரை விளக்கத்து லிஃப்டில் ஏறி இறங்குகிறேன். மீன் வாங்க வருகிற டாக்டரம்மா மூச்சுவிடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்: நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். நமக்கு ஐஸ் கொண்டுவந்த ஷரீஃபை நினைவிருக்கிறதா? இப்போது விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறான். எந்தச் சத்தம் எதனால் என்று அவனிடம் பாடம் கேட்டேன். "யக்கா, ஏறினவொடனே தடால்னு ஒரு சத்தம் வரும். பயந்துக்காத, சக்கரம் உள்ள போவுது, அவ்ளோதான். றெக்க ஆடும். ஆடலன்னாதான் ஒடையும். உங்க படகு அலைல ஆடறதில்ல?" என்றான். எல்லாவற்றையும் நவநாள் ஜெபச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். சக்கரச் சத்தத்துக்கு ஒரு ஜெபம், குலுங்கினால் ஒரு ஜெபம், காது அடைத்தால் ஒரு ஜெபம்.

பங்குச்சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "தைரியம் கேக்கறது நல்லதும்மா. எதுக்குத் தைரியம்?" என்று கேட்டார். விமானம் ஏற என்று மட்டும் சொன்னேன். பரலோக மந்திரத்தைப் பொறுமையாகச் சொல்லிப்பார் என்று அனுப்பிவிட்டார். சொல்கிறேன். நமக்குத் தீமை செய்தவர்களைப் பொறுக்கிற வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு, அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன்.

ஏப்ரல் பதினேழு கிளம்புகிறேன்.

பிலோமி


மெல்பர்ன்,
30 மார்ச் 2024

பிலோமி,

கூரியரில் அனுப்புகிறேன், கிளம்புவதற்குள் கிடைக்க வேண்டும்.

நான்தான் சொன்னேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மூத்தவள் வீட்டிலிருக்க இளையவளுக்கு ஓலை வாசிக்கிறார்கள். கோயிலில் எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். ராட்டினத்தில் நீ விழுந்ததை அவர்கள் வீட்டில் சொன்னேன். "வலிப்பா?" என்று அவர்களே கேட்டார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அது பொய் என்று உன் அத்தானுக்கு இன்றுவரை தெரியாது. பாவம், உன் தங்கையை நன்றாகப் பார்த்துக்கொள் என்று என்னிடமே சொல்வார். அனுவுக்கு முன்னால் வேண்டாம், பிலோமி. வந்து இறங்கியதும் தனியாக உன் காலில் விழுகிறேன். அடி, துப்பு, என்ன வேண்டுமானாலும் செய். மைக்கில் மட்டும் வேண்டாம்.

ஜெசிந்தா


மெல்பர்ன்,
23 ஏப்ரல் 2024

ஜெசிந்தாவுக்கு,

இதை உன் சமையலறையில் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன். அனு வண்டியோடு வாசலில் நிற்கிறாள்.

வரும்போது நடந்ததைக் கேள். தடால் என்று சத்தம் வந்தது. சக்கரம் என்று தெரிந்திருந்தும் உயிர் பாதி போய்விட்டது. அதற்குரிய ஜெபத்தைச் சொன்னேன், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டேன். கடலுக்கு மேலே நீ எழுதியது போலவே உலுக்கியது. மாதா உலுக்கலை நிறுத்தவில்லை. ஆனால் மெழுகுவர்த்திப் பையை மடியில் வைத்து, கண்ணைத் திறந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். அழுதேன், ஆனால் யாரையும் கூப்பிடவில்லை. பரலோக மந்திரம் நாற்பது தடவை சொல்லியிருப்பேன். நாற்பது தடவையும் அந்த வரியைத் தாண்டித்தான் போனேன்.

விருந்தில் மைக் கொடுத்தார்கள். நீ மேஜைத் துணியைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தாய். கேள்வி என் நாக்கு நுனியில் இருந்தது. அனு என் இடது கையை விடவே இல்லை. குழந்தையில் என் விரலைப் பிடித்துத் தொங்கிய அதே பிடி. அவள் கல்யாணத்தை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் சுருக்கமாக முடித்துக்கொண்டேன்.

"நான் பிலோமினா, பொண்ணோட ஞானத்தாய். ரெண்டு பிளேன் மாறி ஒத்தையா வந்தேன். மாதா புண்ணியத்துல, பொறந்ததுலேர்ந்து எனக்கு ஒரு வியாதியும் வந்ததில்ல. வேணும்னா எங்கக்காவக் கேளுங்க."

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். ஜான்சன் தட்டவில்லை. முதலில் என்னைப் பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்தார். மூன்று நாளாக அவர் உன்னிடம் காப்பிகூடக் கேட்கவில்லை என்பதை நானும் கவனித்தேன்.

நீ என் காலில் விழ வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டேன். மன்னிப்பை என்னிடம் கேட்டுவிட்டு அவரிடமிருந்து தப்பிக்கலாம் என்று பார்க்காதே. இன்று இல்லாவிட்டால் நாளை அவர் உன்னிடம் கேட்பார். என்றைக்கு, எந்த வேளையில் கேட்பார் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. இருபத்தைந்து வருஷம் நான் பயந்தேன். இனி நீ பயந்து பார்.

வீடு சேர்ந்ததும் போன் செய்ய மாட்டேன். கடிதமும் எழுத மாட்டேன்.

நவநாள் சீட்டு பையில் இருக்கிறது. திரும்பிப் போகும்போது அந்த வரியையும் சொல்லிப் பார்க்கிறேன். வாயில் வருமா என்று தெரியவில்லை. பதிமூன்று மணி நேரம் இருக்கிறது.

பிலோமினா