கொடி நட்ட கட்டம்

ஏப்ரல் 22, திங்கள்

கடைசியில் இரண்டு கட்டங்கள் மிஞ்சின. ஒன்றில் குண்டு. எதில்? சுற்றியிருக்கும் எண்கள் இரண்டுக்கும் ஒன்றையே சொல்கின்றன. கணிதத்தில் எம்.எஸ்சி. படித்தும் எனக்குத் தெரியவில்லை. தட்டினேன். வெடித்தது.

மகள் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் எண்களை வைத்துக் குண்டில்லாத கட்டங்களைத் திறக்கிற மைன்ஸ்வீப்பர் ஆட்டம் மட்டும்தான் ஒழுங்காக ஓடுகிறது. அந்தக் கடைசி இரண்டு கட்டங்களைத் தவிர மற்ற இடங்களில் யோசித்தால் பிழைக்கலாம். அதனால்தான் பிடிக்கிறது.

ஏப்ரல் 24, புதன்

எங்கள் காட்டில் மரவள்ளி வாடுகிறது. ஏற்கெனவே போட்ட இரண்டு போர்வெல்லிலும் வெறும் புழுதி. இன்று என் கணவர் குமரகுரு, நீரோட்டம் பார்க்கிற ஒருவரை எடப்பாடியிலிருந்து கூட்டிவந்தார். அந்த ஆள் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு காடு முழுக்க நடந்தார். அது எங்கே எழுந்து நின்றது? பக்கத்துக் காட்டு ஆத்தாயி அக்காவின் கிணற்றுக்கு நேர் எதிரே, வரப்பை ஒட்டி.

வேறெங்கே நிற்கும்! சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் இருக்கிற ஒரே கிணறு அது. அங்கே துளைத்தால் அந்த ஊற்று எங்கள் குழாய்க்குள் இறங்கிவிடும். இதைச் சொல்லத் தேங்காய் எதற்கு? அக்காவின் மேச்சேரி ஆடுகள் அத்தனையும் அந்தக் கிணற்றை நம்பித்தான் இருக்கின்றன.

"அக்கா கெணறு வத்திப்போயிருமேங்க?"

"நானா எடம் பாத்தேன்? தேங்கா காட்டுச்சு."

அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் தேங்காய்மேல் பழியைப் போடுகிறார். அதுதான் எரிகிறது.

ஏப்ரல் 25, வியாழன்

இவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். இரண்டே தட்டில் வெடிக்கவைத்துவிட்டுச் சிரிக்கிறார். "குருட்டாம்போக்குல தட்டறதுக்கு ஒரு வெளையாட்டு!"

எண்ணைப் பாருங்க, குண்டு இருக்கிற கட்டத்துல கொடி நட்டுருங்க, அப்புறம் தட்டுனாலும் தொறக்காது என்றேன்.

"நீயே நட்டுக்க."

ஏப்ரல் 26, வெள்ளி

ஆத்தாயி அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"குமரகுரு எனக்குத் தம்பி மொறைங்க சாமி. அப்படிப் பண்ணுவானா? போயி வேலையப் பாருங்க."

ஒரு சொம்பு மோர் வேறு கொடுத்தார். குடிக்க முடியவில்லை — ச்சே! எவ்வளவு மரியாதையான மனிதர்கள் நாங்கள்!

தேங்காய் நின்ற பாயிண்டில் கல் நட்டு மஞ்சள் பூசியாயிற்று. நாளைக் காலையில் போர் துளைக்கிற ரிக் வண்டி வருகிறது. எனக்குக் கத்தத் தெரியாது. வேறென்ன தெரியும்?

ஏப்ரல் 27, சனி

நடந்தது இதுதான். வண்டி வருவதற்குள் அந்தக் கல்லைப் பிடுங்கி எறிந்தேன். அதே இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"எந்திரிங்கக்கா, ராடு எறக்கோணும்" என்றார் டிரைவர்.

"வேற எடம் பாத்தீங்கன்னா எந்திரிக்கறேன்."

"ஆளுக முன்னால மானத்த வாங்காத. எந்திரி!" என்றார் இவர்.

"தேங்காதான் எந்திரிச்சுதுங்களே. நான் மாட்டேன்."

டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பி நின்றார். சங்ககிரியில் அடுத்த வேலை காத்திருக்கிறது என்று சொல்லி வண்டியை எடுத்துவிட்டார். மரவள்ளி வாடத்தான் போகிறது. அதையும் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் உள்ளே மவுஸ் தட்டுகிற சத்தம். நான் பாதியில் விட்ட ஆட்டத்தில் இவர் ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் இது தொறக்க மாட்டீங்குது?"

"கொடி இருக்குதுங்க."

அதை எப்படி எடுப்பது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.