மருந்துக் கவரில் இருந்த சீட்டுகள்

பாப்பா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். எழுந்ததும் சாப்பிடு, ராத்திரியும் நீ சாப்பிடவில்லை.

உன்னிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. "இந்த மாசம் எனக்கு மூச்சு இழுப்புக்கு மருந்து வேணாம்மா, அந்தப் பணத்தை வாடகைல போட்டுக்கலாம்" என்று சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அப்பா சம்பளத்தைச் செலவுக்கு ஒரு கவராகப் பிரித்து வைப்பார். ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டால், எடுத்த கவரில் சீட்டு எழுதி வைக்க வேண்டும். அது அவர் போட்ட சட்டம். அவர் போன பிறகு அவருடைய மருந்துக் கவரைத் திறந்தேன். பணம் இல்லை, ஏழு சீட்டுகள் இருந்தன. "வாடகைக்கு எடுத்தது. அடுத்த மாதம் வைக்க வேண்டும்." ஏழிலும் அதே வரி.

தினமும் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பேன். "ஆச்சு, ஆச்சு, போலீஸ்காரம்மா" என்பார். நானும் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அந்த ஏழும் என் பர்ஸில்தான் இருக்கின்றன. உன்னிடம் சொல்ல மனம் வரவில்லை.

மதியம் வாடகை கேட்டு வீட்டுக்காரர் வருவார். "பாதிதான் இருக்கு, மீதியை அம்மா சம்பளத்தன்னிக்குத் தருவாங்க" என்று சொல். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்ளட்டும்.

அம்மா

வாடகைக் கவரில் நீ மாற்றி வைத்திருந்த பணத்தைக் காலையில் எடுத்து மருந்து வாங்கிவிட்டேன். உன் தலையணை அருகே இருக்கிறது.

உன் மருந்துக் கவரில் நீ எழுதி வைத்திருந்த சீட்டையும் பார்த்தேன். அப்பாவின் அதே வரி. கிழித்துவிட்டேன்.