முள் எடுத்த கை

தொரை, என் தங்கத் தொரை,

இன்று காலையில் அவருடைய சட்டையைத் துவைக்க எடுத்தேன். பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வந்து, வேலியில் தனியாகப் போட்டிருந்த சட்டை. தண்ணீர் பட்டதும் அந்த வாடை குப்பென்று எழுந்தது. உடனே திரும்பிப் பார்த்தேன். இந்த வாடை வந்தால் நீ ஓடிப்போய் நிற்பாயே, ஆட்டுக்கொட்டத்தை ஒட்டிய வேப்பமரத்தடி, அங்கேதான் கண் போனது. பக்கத்து வீட்டுப் பேச்சியின் கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

மற்ற நாளெல்லாம் அவருடைய வண்டிச் சத்தம் பரளச்சி ரோட்டில் கேட்டாலே பாய்ந்து போவாய். மருந்தடிக்கிற நாளில் மட்டும் கிட்டவே வரமாட்டாய். "பாத்தியா புள்ள, குளிச்சுட்டு வந்தாத்தான் மொகத்தப் பாப்பாராம்" என்று அவர் சிரிப்பார். குளித்து வேறு வேட்டி கட்டிய பிறகுதான் வந்து காலை முகர்ந்து பார்ப்பாய். வருஷா வருஷம் இதைப் பார்த்தவள் நான். பார்த்து என்ன பிரயோசனம்?

உன்னை வேண்டாம் என்று முதலில் சண்டை போட்டவளும் நான்தான். பந்தல்குடியில் லாரி நிற்கிற டீக்கடைப் பக்கம் கண் திறந்த குட்டியாகக் கிடந்தாய் என்று சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். வெறும் சோறு வைத்தேன். முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாய். மோர் ஊற்றிப் பிசைந்த பிறகுதான் வாய் வைத்தாய். "ரேசன் அரிசி தொரைக்கு எறங்கலயோ?" என்று கேட்டேன். அந்தப் பெயரே உனக்கு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு யார் பின்னால் திரிந்தாய்? களையெடுக்கப் போனால் வரப்பில் படுத்திருப்பாய். மயில் இறங்கினால் எழுந்து விரட்டிவிட்டு மறுபடி வந்து படுப்பாய். நான் அருப்புக்கோட்டைக்குப் போனால் பஸ் ஏறுகிற இடம் வரை வருவாய். சாயங்காலம் திரும்பி வரும்போது அங்கேயே நிற்பாய். "வெரசா எறங்கு தாயி, உன் ஆளு கோவமா நிக்கிறாரு" என்பார் கண்டக்டர். பஸ்ஸே சிரிக்கும். எனக்குக் கூச்சமாகவும் இருக்கும், உள்ளுக்குள்ளே பெருமையாகவும் இருக்கும். நம்மை எதிர்பார்த்து நிற்க ஒரு உயிர் இருக்கிறது என்று.

நம் ஊர்க் காட்டில் சீமைக்கருவேல முள்ளுக்குக் குறைவில்லை. நீ முயலைத் துரத்திப் போய்விட்டு ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வருவாய். அவர் தொட்டால் உறுமுவாய். என்னிடம்தான் வருவாய். "காலக் குடு" என்பேன். கொடுப்பாய். தாலிக்கயிற்றில் கிடக்கிற ஊக்கைக் கழற்றி, முள் முனை தெரிகிற வரை கிளறுவேன். ரத்தம் வரும். உடம்பெல்லாம் நடுங்கும் உனக்கு. ஆனாலும் காலை இழுக்கமாட்டாய். கண்ணை மட்டும் என் முகத்திலேயே வைத்திருப்பாய். முள் வெளியே வந்ததும் என் கையை நக்கிவிட்டு ஓடுவாய். என் கை உனக்கு வலி கொடுத்தாலும் முடிவில் நல்லதுதான் நடக்கும் என்று உன்னை அப்படிப் பழக்கி வைத்திருந்தேன், தொரை.

போன வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு உனக்கு உண்ணி ஏறியது. மத்தியானம் மடியில் தலையைச் சாய்த்துக்கொடுப்பாய். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சிரட்டையில் வைத்திருக்கும் மண்ணெண்ணெயில் போடுவேன். பிடுங்கப் பிடுங்க வந்தது. காது மடல், விரல் இடுக்கு, கண் ஓரம் எல்லாம் உண்ணி. "ஞாயித்துக்கெழம கழியட்டும், திருச்சுழி மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி ஒரு ஊசி போட்டுட்டு வந்துருவோம்" என்று அவர் சொன்னார்.

நான் பொறுத்திருக்கலாம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வருவதாக இருந்தது, கைப்பிள்ளையோடு. அதற்கு முந்தி வந்திருந்தபோது மருமகன் சுவரைக் காட்டி, "அத்த, உண்ணி ஊருது பாருங்க. பிள்ளையக் கீழ விடவே பயமா இருக்கு" என்று சொல்லியிருந்தார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. உன் அரிப்புக்காகத்தான் செய்தேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் மட்டும் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. மருமகன் முன்னால் வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் அன்றைக்கு அவசரப்பட்டேன்.

பேச்சி எப்போதும் பருத்தி மருந்தில் மிச்சத்தை வாங்கிப் போய்த் தண்ணீரில் கலந்து ஆட்டுக்கு ஊற்றுவாள். நம் பக்கம் ஊருக்கு நாலு பேர் அப்படிச் செய்கிறவர்கள்தான். ஆட்டுக்கு ஆகிறது நாய்க்கு ஆகாதா என்று நினைத்தேன். அவர் வயலுக்குப் போன பிறகு, பழைய பெயிண்ட் வாளியில் மருந்தைக் கலந்தேன். மூடியைத் திறந்ததுமே நீ வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாய். "தொரை வா" என்றேன். வரவில்லை. மோர்ச்சோற்றுத் தட்டைத் தட்டினேன். அதற்கும் வரவில்லை.

கடைசியில், "காலக் குடு" என்றேன்.

வந்தாய். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாலை இடுக்கிக்கொண்டு வந்து, முன்காலைத் தூக்கி என் கையில் வைத்தாய். உள்ளங்காலில் முள் ஒன்றும் இல்லை.

கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஊற்றித் தேய்த்தேன். நடுங்கிக்கொண்டே நின்றாய். கண் என் முகத்திலேயே இருந்தது. காயட்டும் என்று வெயிலில் கட்டிப்போட்டுவிட்டுக் களையெடுக்கப் போனேன். வெயில் ஏறுவதற்குள் பேச்சி வரப்பில் ஓடி வந்தாள். "யக்கா, தொரைக்கு இழுக்குது, வாயெல்லாம் நொரையா வருது, ஓடியாக்கா!"

அவர் வண்டி ஓட்ட, நான் பின்னால் உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மடி முழுக்க எச்சில். உன் கால் விடாமல் வெட்டி வெட்டி இழுத்தது. திருச்சுழியில் டாக்டர் சார் உன் வாயை முகர்ந்து பார்த்தார்.

"என்னம்மா போட்டீங்க?"

"பருத்திக்கு அடிக்கிறது சார். உண்ணிக்காக மேலுக்கு ஊத்துனேன்."

"ஆட்டுக்கே அது தப்புதாம்மா. நாய் மேலெல்லாம் நக்குமே. தோல் வழியாவும் எறங்கும். ஊத்துன ஒடனே சோப்புப் போட்டுக் கழுவித் தூக்கிட்டு வந்திருந்தாலாவது பாத்திருக்கலாம்."

ஊசி போட்டார், இன்னொன்றும் போட்டார். நான் உன் முன்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது என் கையிலேயே ஓய்ந்துபோனது.

அவர் என்னை ஒரு சொல் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வேணும்னா செஞ்ச? விடு புள்ள" என்றார். ஊரில் கேட்டவர்களும், "நாயிதான, போகட்டும்" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். பிள்ளை வீடெங்கும் தவழ்ந்தான். சுவரில் ஒரு உண்ணி இல்லை. மருமகன் நல்லபடியாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார். நான் அடுப்படியில் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்து பட்ட எரிச்சல் இன்னும் போகாமல் இருந்தது. போக வேண்டாம் என்று இருந்தது எனக்கு. முன்பெல்லாம் போனை எடுத்ததும் "தொரை சாப்ட்டானாம்மா?" என்றுதான் மகள் கேட்பாள். இப்போது "சாப்ட்டியாம்மா?" என்று கேட்கிறாள். என் மனசு நோகக் கூடாது என்று பார்க்கிறாள், பாவம்.

இன்று நான் சட்டையை அலசி முடிக்கும்முன் பேச்சி சின்ன கேனோடு வந்து நின்றாள்.

"யக்கா, மருந்து மிச்சம் இருக்கா? ஆட்டுக்கு உண்ணி பிடுங்கி எடுக்குது."

"இல்லடி."

"இந்தா டப்பா இருக்கே!"

"இருக்கு. தரமாட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒன் நாயி போச்சுன்னா எங்க ஆடு என்னக்கா பாவம் பண்ணுச்சு? காலங்காலமா ஊத்துறதுதான?"

"டாக்டர் ஆட்டுக்கும் ஆகாதுன்னு சொன்னத நான் காதால கேட்டேன். அதுக்குன்னு தனியா மருந்து இருக்காம். நாளைக்கு ஓட்டிட்டு வா, திருச்சுழிக்கு நானும் கூட வாரேன். ஆட்ட நான் புடிச்சுக்கிறேன்."

"களை யாரு எடுக்க?"

"களை கெடக்கட்டும்டி."

இதே சொல்லைப் போன வருஷம் எனக்கு நானே சொல்லியிருந்தால் நீ இருந்திருப்பாய். பேச்சி முணுமுணுத்துக்கொண்டே போனாள். வாசல் தாண்டும்போது திரும்பி, "எந்த பஸ்ஸுக்குக்கா? ஆட்ட பஸ்ஸுல ஏத்துவானா?" என்று கேட்டாள். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தேன், அப்படியே அழுதுவிட்டேன்.

ஊக்கு இன்னும் தாலிக்கயிற்றில்தான் கிடக்கிறது. முனை கொஞ்சம் வளைந்திருக்கிறது, உன் முள்ளைக் கிளறிக் கிளறி வளைந்தது. கழற்றிப் போட மனசு வரவில்லை. குனிந்து நிமிரும்போது நெஞ்சில் லேசாகக் குத்துகிறது. குத்தட்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தொரை. வேப்பமரத்தடியில் நின்றபோதே வாளியில் இருந்தது என்னவென்று உன் மூக்குக்குத் தெரிந்துதான் இருக்கும். தெரிந்தும், முள் எடுக்கிற கைதானே என்றா வந்து காலைக் கொடுத்தாய்?