சந்தையில் எழுதிய கடிதம்

9.7.1994, சனி. கொடிகாமம்.

இலக்கிய விழாவில் மத்தியான இடைவேளை விட்டதும் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் சந்தைக்குப் போனேன். ரவியின் அம்மா அங்கே மரக்கறி விற்கிறார். உண்மையைச் சொன்னால், உடுவிலிலிருந்து இவ்வளவு தூரம் சைக்கிள் மிதித்தது கவிதை கேட்க அல்ல. ரவி ஜேர்மனிக்குப் போய் ஐந்து வருடம். முதல் வருடம் எனக்குக் கடிதம் வந்தது. பிறகு இல்லை.

அம்மாவுக்கு என்னைத் தெரியாது. கத்தரிக்காய் வாங்கினேன். என் சேலையில் குத்தியிருந்த விழாச் சின்னத்தைப் பார்த்தார்.

"எழுதுற பிள்ளையோ? என்ரை கண்ணாடி உடைஞ்சு போச்சு. மகனுக்கு ஒரு கடிதம் எழுதித் தாறியே?"

"ஓம் அம்மா, சொல்லுங்கோ."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கூரை வேய்ந்தாயிற்று. பசு கன்று போட்டிருக்கிறது. கடைசியில், "பொம்பிளை பாக்கட்டோ எண்டும் கேட்டு எழுது பிள்ளை" என்றார்.

அதையும் எழுதினேன். கையெழுத்தை மாற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மாற்றவில்லை. என் எழுத்து ரவிக்குத் தெரியும்.

பின்னேரக் கவியரங்கில் யார் என்ன வாசித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. கடிதம் போய்ச் சேர ஒரு மாதமாவது ஆகும். பதில் அம்மாவுக்குத்தான் வரும். அதை யார் வாசித்துக் காட்டுவார்களோ. இனிக் கொடிகாமத்துக்கு வர எனக்கு ஒரு காரணமும் இல்லை.