மெடலுக்கு ஒரு ரவிக்கை

ஆனி 28, வெள்ளி
விடியலிலிருந்து சாரல். பிரசவ வீட்டுத் துணி ஒன்றும் காயவில்லை. வாங்க வேண்டியது: பஞ்சு, பினாயில், விளக்கெண்ணெய்.

தாலுகா கச்சேரிச் சேவகன் வந்தான். ஏழைப் பெண்களின் பிரசவத்துக்கு வீட்டை விட்டுக்கொடுத்தேனாம். அதற்காக வெள்ளைக்காரச் சர்க்காரின் கெய்சர்-இ-ஹிந்த் மெடலாம். கலெக்டர் குற்றாலம் பங்களாவில் வைத்துக் கொடுப்பாராம். மெடலை வைத்து நான் என்ன செய்ய? நர்ஸ் கேட்டு மூன்று மனு போட்டேனே, ஒன்றுக்காவது பதில் உண்டா? போன மாதம் ஆய்க்குடிக்காரி ஒருத்தி வண்டியிலேயே செத்துப்போனாள், வயிற்றுப் பிள்ளையோடு. மருத்துவச்சி இசக்கி தலையிலடித்துக்கொண்டு அழுதாள். கலெக்டரிடம் நேரிலேயே கேட்டுவிட வேண்டியதுதான்.

ஆனி 30, ஞாயிறு
புதுச் சங்கடம். மெடலை இடது தோளில் ஊசியால் குத்துவார்களாம். ரவிக்கை வேண்டும். பதினாறு வயதில் தாலியோடு கழற்றியது. இப்போது நாற்பத்தெட்டு.

தம்பி குதித்தான். "வெள்ளச்சேல கட்டுனவ ரவிக்க போட்டுக்கிட்டு கலெக்டர் முன்ன போயி நிக்கப்போறியா? ஊரு காறித் துப்பும்க்கா."

"துப்பட்டும். மழதான் பெய்யுதே, கழுவிட்டுப் போயிரும்."

சாப்பிடாமல் எழுந்து போனான். எனக்கும் இறங்கவில்லை. பயம்தான், வேறென்ன.

ஆடி 2, வியாழன்
தம்பி பெண்டாட்டி கோமதி அவனுக்குத் தெரியாமல் தைத்தே விட்டாள். வெள்ளை மல் துணி, முழங்கை வரை.

"மைனி, கையத் தூக்குங்க. அங்கன இறுக்குதா?"

இறுக்கியது. சொல்லவில்லை. கண்ணாடியில் யாரோ ஒருத்தி. கோமதி அழுதுவிட்டாள், கழுதை. நானும்தான்.

ஆடி 6, திங்கள்
குற்றாலம். அருவி இரைச்சலில் பாதிப் பேச்சு கேட்கவில்லை. கலெக்டர் பெண்டாட்டி துரைசானிதான் மெடலைக் குத்திவிட்டாள். நெட்டுருப் போட்ட இங்கிலீஷ் சுத்தமாக மறந்துபோனது. தமிழிலேயே கேட்டேன்:

"ஐயா, எங்க பக்கத்துல பொம்பளைக பிள்ள பெற முடியாம சாகுதாக. ஒரு நர்ஸ் குடுங்க."

தாசில்தார் முறைத்தார். துரைக்கோ தமிழ் தெரிந்திருக்கிறது!

"தங்கள் இல்லத்தில் அவர் தங்க இடம் உண்டா?" பாடப் புத்தகம் பேசியது.

"என் அறையே இருக்கு."

குறித்துக்கொண்டார். திரும்பினால், பந்தல் கடைசியில் குடையோடு தம்பி. எப்போது வந்தானோ. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். குடையை மட்டும் நீட்டினான்.

ஆவணி 11, செவ்வாய்
நர்ஸ் வந்தாயிற்று! பாளையங்கோட்டைப் பெண். ஒரு டிரங்குப் பெட்டி, சிரித்த முகம். என் கட்டில் அவளுக்கு. தரையில் படுத்தால் எனக்கென்ன, தேய்ந்தா போவேன்?

ஆவணி 14, வெள்ளி
மத்தியானம் ஆய்க்குடியிலிருந்து ஒரு வண்டி. தலைப்பிரசவம், பிள்ளை குறுக்கே. இசக்கி என்னைப் பார்த்தாள், நான் நர்ஸைப் பார்த்தேன். ஐந்து மணிக்கு அழுகைச் சத்தம். பெண் குழந்தை. இரண்டு உயிரும் பிழைத்தது.

நான் வழக்கம்போல அறை வாசலுக்கு வெளியே. தாலியறுத்தவள் முகத்தில் பச்சைப்பிள்ளை விழிக்கக் கூடாதே.

பெற்றவளின் மாமியார்க்காரி சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். பிள்ளை நாக்கில் சேனை தொட்டு வைக்க. யார் குணம் பிள்ளைக்கு வர வேண்டுமோ அவர்களைத்தான் வைக்கச் சொல்வார்கள். பக்கத்தில் கோமதி நின்றாள். அவளைத்தான் கூப்பிட வருகிறாள் என்று ஒதுங்கினேன்.

"எங்க போறிய? உள்ள வாங்க ஆச்சி. நீங்கதான் வைக்கணும்."

விரலை நனைத்தேன். பிள்ளை சப்புக்கொட்டியது.