ஒரு கண்ணுக்கு இருபது ரூபாய்

பிப். 17, செவ்வாய்

புழுக்கம். அமாவாசை, நிலாவுக்கு லீவு. எங்களுக்கு இல்லை.

வானம் பார்க்கும் குழுவின் கூட்டம், லேப் வாசலில். வந்தது மூன்றே பேர்: இயற்பியல் சார், பொருளாளர் ஸ்டெல்லா (என் வகுப்பு, பிளஸ் ஒன்), நான். ஞாயிறு சாயங்காலம் பள்ளி மொட்டைமாடியில் எல்லோருக்கும் நிலா காட்டுவதாக முடிவு. நிலவுக்கு ஆகும் செலவு, ஸ்டெல்லா எழுதியபடி:

டெலஸ்கோப் வாடகை 2400
வேளச்சேரியிலிருந்து ஆட்டோ, போக வர 400
போஸ்டர், டிக்கெட் 200
மொத்தம் 3000

எழுபத்தைந்து பேர், தலைக்கு நாற்பது.

சார்: "கையைக் கடிச்சுதுன்னா குழுவை இதோட மூடிடலாம்பா. ஹெச்.எம். கிட்ட இனிமே என்னால பேச முடியாது."

கடிக்காது சார், என்றேன். போன வருஷம் இதே மாடியில் பத்து வினாடி சனியின் வளையம் பார்த்தேன். அதிலிருந்து இன்னும் இறங்கவில்லை. மூடவிடக் கூடாது.

டிக்கெட் வாசகம் என் பொறுப்பு.

பிப். 18, புதன்

விபூதிப் புதன். ஸ்டெல்லா கோயிலிலிருந்து நேராக வந்தாள், நெற்றியில் சாம்பல் சிலுவை. "இன்னிக்காவது கிண்டல் பண்ணாம இரு." இருந்தேன். பதினோரு நிமிஷம்.

'தலைக்கு நாற்பது' என்று போட மனசு வரவில்லை. சலூன் போர்டு மாதிரி. நிலாவைத் தலையா பார்க்கிறது? ஆகவே: ஒரு கண்ணுக்கு ₹20. ஆளுக்கு இரண்டு கண், நாற்பது. கணக்கு அதே. ஸ்டெல்லா சரிபார்த்தாள். சிரிக்கவும் செய்தாள், மறைத்துக்கொண்டு. நூற்றைம்பது டிக்கெட் அச்சடித்தாயிற்று.

கணக்கு வகுப்பு முழுக்கக் கண்களை மாற்றி மாற்றி மூடினேன். ஜன்னல் கம்பி தென்னைமரத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம். உலகம் இரண்டு இருக்கிறது. யாரும் சொல்லவே இல்லை.

பிப். 20, வெள்ளி

மாட்டிக்கொண்டேன்.

இடைவேளையில் விற்பனை. முதலில் வந்தது ஒன்பதாம் வகுப்பு வாண்டு ஒருத்தி. "அண்ணா, டெலஸ்கோப்புல ஒரு கண்ணாலதானே பார்க்கணும்? எனக்கு ஒண்ணு போதும்." நீட்டினது இருபது. பின்னால் வரிசை மொத்தமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறது.

எழுபத்தைந்து பேர். எழுபத்தைந்து கண். 1500.

"இருபதும் இருபதும் நாப்பதுன்னு பார்த்தேன். டெலஸ்கோப்புக்கு ஒரே ஓட்டைன்னு பார்க்கலை," என்றாள் ஸ்டெல்லா. திட்டவில்லை. அதுதான் பயம். "அச்சடிச்ச விலையை மாத்த முடியாது. சார்கிட்ட நீயே சொல்லு."

சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஞாயிறு முடியட்டும். பார்க்கலாம்."

வீட்டுக்கு வரும்போது மந்தைவெளி ஸ்டேஷனுக்கு மேலே, வெட்டிப்போட்ட நகம் மாதிரி நிலா. சாரி கேட்டேன். ரயில் குறுக்கே வந்துவிட்டது. நிலா என்ன சொன்னதோ.

பிப். 22, ஞாயிறு

மேகமே இல்லை. ஆறரைக்கு வரிசை மாடிப்படி வரை. ஆளுக்கு ஒரு கண், அரை நிமிஷம். "ஐயோ!" "டேய், நிஜமாடா இது?" பார்த்துவிட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். பணம் மட்டும் பாதியிலேயே நிற்கிறது.

பள்ளி முனையில் மீன் விற்கும் பட்டினப்பாக்கம் அஞ்சலை அக்கா, கூடையை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். "இன்னா கண்ணு, கண்ணுக்கு இருவதாமே? மீனு கண்ணா, மனுசக் கண்ணா?"

இருபதை வாங்கிக்கொண்டு டிக்கெட்டை நீட்டினேன்.

குனிந்தவர் நிமிரவே இல்லை. ரொம்ப நேரம். பிறகு: "இன்னா இது, நம்ம கரையில நண்டு தோண்டுன மாதிரியே குழி குழியா கீது!" சுருக்குப்பையைத் திறந்தார். "இந்தா, இன்னொரு இருவது. அந்தக் கண்ணு கோச்சுக்கும்."

அப்புறம் அந்த ஒன்பதாம் வகுப்பு வாண்டு: "அண்ணா, எனக்கும் இடது கண்ணு."

அவ்வளவுதான். பார்த்தவர்கள் ஒவ்வொருவராக மறுபடி கடைசியில் போய் நிற்கிறார்கள். வலது கண்ணில் நிலா கொஞ்சம் மஞ்சள், இடதில் நீலம் என்று சத்தியம் செய்கிறது ஒரு கோஷ்டி. மாடியே லேசாக மிதக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

ஏழே முக்கால். நிலா தென்னை ஓலையைத் தொட்டுவிட்டது. வரிசை தீர்ந்தது. ஸ்டெல்லா எண்ணினாள். மறுபடி எண்ணினாள். சார் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார்.

"நூத்தி நாப்பத்தொன்பது. ஒரு கண்ணு குறையுது." என்னைப் பார்த்தாள். "நீ இன்னும் பார்க்கவே இல்லையே?"

இல்லை. கூட்டத்தைத் தள்ளிவிட்டே பொழுது போச்சு.

கையை நீட்டினாள். பாக்கெட்டில் பஸ்ஸுக்கு வைத்திருந்த இருபது.

இடது கண்ணை மூடிக்கொண்டேன்.