பொத்தானில் நான் எழுதிய சொல்

2011 மார்ச் 3

எருக்கலம்பிட்டியில் மறுபடியும் இரண்டு கணினிகள் எழும்பவில்லை. காரணம் அதேதான். நிலையத்துக்குப் பொறுப்பாக இருக்கும் ஜெசீமா அக்கா மாலையில் ஒழுங்காக நிறுத்துவதில்லை. சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். நடுவில் கரண்ட் போனால் உள்ளே இருப்பது பழுதாகத்தானே செய்யும்?

புத்தளத்திலிருந்து ஊர் திரும்பிய குடும்பங்களுக்காக எங்கள் நிறுவனம் போட்டுக்கொடுத்த நிலையம் அது. பழைய கணினிகள் ஆறு, ஆறிலும் லினக்ஸ். அதன் மெனு, பொத்தான், எச்சரிக்கை எல்லாவற்றையும் இருந்து தமிழாக்கியவள் நான். ஆங்கிலம் தெரியாதவர்களும் பயமில்லாமல் தொடவேண்டும் என்றுதான் இவ்வளவு மினக்கெட்டேன். இதற்குமேல் எப்படி இலகுவாக்குவது? ஊட்டி விடவா?

மார்ச் 7

யோகராசா சேரிடம் சொல்லிவிட்டேன். "அந்த அக்காவுக்குக் கொம்பியூட்டர் சரிவராது சேர். வேற ஆளைப் பாருங்கோ." எங்கள் திட்டத்துக்கு அவர்தான் பொறுப்பு. "நீர் சொன்னால் சரிதான் நிவேதிகா" என்றார். என் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பு என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் 10

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாலை எருக்கலம்பிட்டிக்குப் போனேன். படிக்க வந்த பிள்ளைகள் இருந்தார்கள், கூட்டிப்போக வந்த தாய்மார் வாசலில் நின்றார்கள். ஜெசீமா அக்காவைக் கதிரையில் இருத்தி, "நிப்பாட்டிக் காட்டுங்கோ அக்கா" என்றேன். மெனுவைத் திறந்தார். அம்புக்குறி கடைசி வரிக்கு வந்து நின்றுவிட்டது. அழுத்துங்கோ என்றேன். அழுத்தவில்லை. எனக்கு விசர் வந்துவிட்டது.

"இங்கிலீசில இருந்தாலும் பரவாயில்லை. தமிழிலதானே எழுதியிருக்கு. வாசிக்கத் தெரியாதா?"

அவ்வளவு பேருக்கும் முன்னால் கேட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். கோபம்கூட இல்லை.

"வாசிக்கத் தெரியும் மிஸ். தெரியிறதாலதான் அழுத்தல்ல."

அப்போதுதான் நானும் அந்த வரியைப் பார்த்தேன். "வெளியேறு" என்று இருந்தது.

"தொண்ணூறில ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வந்து இதத்தான் சொன்னாங்க. எனக்கு அப்ப பதினாலு வயசு" என்றார். பிறகு எழும்பி, பிளேன்டீ குடிக்கிறீங்களா என்று கேட்டு, ஊற்றியும் தந்தார். நான் அதை வாங்கிக் குடித்தேன். எப்படிக் குடித்தேன்?

மார்ச் 11



வடக்கில் இருந்த முஸ்லிம் சனம் முழுவதையும் அந்த வருடம் இயக்கத்துப் போராளிகள் துப்பாக்கி முனையில் ஊரைவிட்டுக் கலைத்தார்கள். வீடு, கடை, தோணி எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கடலால் புத்தளத்துக்குப் போன சனம். இது எனக்குத் தெரியாத கதையா? மன்னாரில் யாருக்குத் தெரியாது? தெரிந்திருந்தும் அந்தச் சொல்லை எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. தெரியாமல் செய்திருந்தால் இவ்வளவு கேவலமாக இருக்காது.

"வெளியேறவும்" என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். பொத்தான் நீண்டு வடிவில்லாமல் போகிறது என்று வெட்டியதும் நானேதான்.

நானும் அதே வருடம் தோணி ஏறியவள். இலுப்பைக்கடவையிலிருந்து அம்மாவின் இடுப்பில் இராமேஸ்வரத்துக்கு. பிறகு அங்கே அகதி முகாமில்தான் வளர்ந்தேன், படித்தேன், யுத்தம் முடிந்துதான் திரும்பினேன். ஆனால் எங்களை யாரும் ஒலிபெருக்கி வைத்துப் போகச் சொல்லவில்லை. பயத்தில் நாங்களாகப் போனோம். நானும் அகதி, எல்லா அகதியின் மனமும் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். என்ன திமிர்.

மார்ச் 14

என் தமிழாக்கத்தைப் பார்த்து ஏற்கும் சென்னைக் குழுவுக்கு, அந்தச் சொல்லை மாற்றவேண்டும் என்று காரணத்தோடு எழுதினேன். பதில் உடனே வந்தது: "கணினியில் அதன் பொருள் வேறு. பயனர்கள் பழகிக்கொள்வார்கள்."

பயனர்கள் பழகிக்கொள்வார்கள். இதே வரியை நானும் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன்.

மார்ச் 15

ஏப்ரலிலிருந்து ஜெசீமா அக்காவுக்கு வேலை இல்லையாம். கடிதம் அடிக்கச் சொல்லியாயிற்று என்றார் யோகராசா சேர். "நீர் சொன்னதை வச்சுத்தான்."

அந்த அக்காவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், புருஷன் இல்லை. புத்தளத்தில் இருந்த தையல் வேலையையும் விட்டுவிட்டு, ஊரில் ஒரு வேலை கிடைத்ததே என்று நம்பி வந்தவர். இது எல்லாம் எனக்குத் தெரியும். தலையாட்டிவிட்டு வந்தேன். ஏனடி வாயைத் திறக்கேல்லை? அப்ப அவ்வளவு வாய் காட்டினியே, பிள்ளையளுக்கு முன்னால?

மார்ச் 16

சொல்லவில்லை.

மார்ச் 17

பிழை என்னுடையது என்று இன்றும் சொல்லவில்லை. சேர் கட்டுக்கரைப் பக்கம் போய்விட்டார் என்று எனக்கே ஒரு சாட்டு. போன் இல்லையா?

உண்மை இதுதான் — சொன்னால், நிவேதிகா பிழை விடுவாள் என்று கந்தோரில் வேலை செய்யும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதற்குத்தான் பயம்.

மார்ச் 18

சொல்லிவிட்டேன்.

"சேர், பிழை அந்த அக்காவில இல்லை. நான் எழுதின சொல்லில." கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஒரு சொல்லுக்காக மெசினைப் பழுதாக்குறதோ?"

"துவக்கோட வந்து நிண்டு உங்களுக்குச் சொன்ன சொல்லெண்டா, நீங்கள் அமத்துவீங்களோ சேர்?"

சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு, "சரி. பிழை மொழிபெயர்ப்பிலதான் எண்டு எழுதித் தாரும். ஆனா கொழும்பில மேலிடத்தில அதை வாசிச்சா உம்மட தமிழாக்க வேலையை நிப்பாட்டிப்போடுவினம். யோசிச்சுச் செய்யும்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 24

கடிதம் நின்றுவிட்டது. ஜெசீமா அக்கா தொடர்ந்து வேலை செய்யலாம். என் தமிழாக்க வேலை இந்த மாதத்தோடு முடிகிறது, இனிக் கணினி திருத்தும் வேலை மட்டும்தான். சேர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

இன்று எருக்கலம்பிட்டிக்குப் போய், அந்தப் பொத்தானில் என்ன எழுதலாம் என்று அவரிடமே கேட்டேன். "விடைபெறு", "நிறைவுசெய்" இரண்டையும் காட்டினேன். "மேடையில பேசுற மாதிரி இருக்கு மிஸ்" என்றார்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

அவர் ஒரு விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு இந்த வேல சரிவராதெண்டு கந்தோர்ல சொன்னதும் நீங்கதானா?"

"ஓம்."

"அதுதான் எனக்குக் கூடுதலா நொந்தது. அந்தச் சொல்ல நீங்க யோசியாம எழுதின. இத யோசிச்சுத்தானே செஞ்ச."

பரவாயில்லை என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று பஸ் வரும்வரை நின்று பார்த்தேன். வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்த்ததும் வெட்கம்தான்.

ஏப்ரல் 6

ஜெசீமா அக்கா போன் எடுத்தார். "மிஸ், சொல் கிடைச்சிட்டு. 'இண்டைக்குக் காணும்' எண்டு போடுங்க. பின்னேரம் பிள்ளைகளுக்கு நான் சொல்றது அதுதான்."

எனக்கு ஒரு கணம் இடித்தது. நான் வளர்ந்த இடத்தில் காணும் என்றால் கண்ணுக்குத் தெரியும் என்று அர்த்தம். அம்மா சோறு போடும்போது "காணுமோ பிள்ளை?" என்றுதான் கேட்பா, நான்தான் "போதும்" என்பேன். இத்தனை நாளும் எந்த ஊர்ச் சனத்துக்கு நான் தமிழாக்கிக்கொண்டிருந்தேன்?

"இன்றைக்குக் காணும்" என்று ஆறு கணினியிலும் போட்டேன். பொத்தான் நன்றாக நீண்டுவிட்டது. சென்னையில் ஏற்கமாட்டார்கள். ஏற்காவிட்டால் போகட்டும்.

ஏப்ரல் 27

எருக்கலம்பிட்டியில் இப்போது கணினி எதுவும் பழுதாவதில்லை. அதனால் எனக்கு அங்கே வேலையும் இல்லை. என்றாலும் போனேன். ஏன் வந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன். அவர் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"நிவேதிகா, இதக் கொஞ்சம் பாருங்க. ஒரு புறோகிராம் இறுகி நிண்டா வாற பெட்டி."

பார்த்தேன். "காத்திரு" என்று ஒரு பொத்தான். பக்கத்தில் இன்னொன்று: "கொல்".

"ஆரக் கொல்லச் சொல்லுது?" என்று கேட்டார்.

நான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன். ஆங்கிலத்தில் அப்படித்தான் இருந்தது, அப்படியே போட்டுவிட்டேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. விரலுக்குள்ளால் பார்த்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"இப்பிடி இன்னும் கனக்க இருக்கு. முதல்ல இருந்து வருவம், எழுதுங்க."

ஒவ்வொரு வரியாக அவர் வாசித்தார், நான் எழுதினேன். சிலதை விட்டுவைத்தார், அநேகமானதை வெட்டச் சொன்னார். கடைசி பஸ் போன பிறகும் முதலாவது மெனு முடியவில்லை.